ஊக்கு குத்திய சட்டைக்கு யார் விலை கொடுத்தார்கள்

எழுபதுகளின் நடுப்பகுதியில், இங்கிலாந்தின் தென்கடற்கரையில் இருக்கும் சீஃபோர்டு என்ற சிற்றூரிலிருந்து லண்டனுக்கு நாள்தோறும் ரயிலில் வேலைக்குப் போய்வந்த ஓர் இளம்பெண் இருந்தார். பமீலா ரூக் என்பது வீட்டார் வைத்த பெயர். தன்னை ஜோர்டன் என்று அழைத்துக்கொண்டார். தூக்கி நிறுத்திய வெளிறிய கூந்தல், முகமூடி போலக் கண்களைச் சுற்றித் தீட்டிய கறுப்பு மை, கிழிந்த வலைக் காலுறை, ரப்பரால் ஆன உடை ஆகியவற்றோடு அவர் பெட்டியில் ஏறினால் பயணிகள் முறைப்பார்கள், திட்டுவார்கள், முறையிடுவார்கள். கடைசியில் ரயில்வே ஊழியர் ஒருவர் அவரைக் கூட்டிக்கொண்டுபோய் முதல் வகுப்புப் பெட்டியில் உட்காரவைத்தார். வம்பு எதுவும் நடந்துவிடக் கூடாது என்ற அச்சத்தில் கிடைத்த இருக்கை அது.

எழுபதுகளில் நியூயார்க்கிலும் லண்டனிலும் இளைஞர்களிடையே எழுந்த முரட்டு ராக் இசையான பங்க்கையும் அதன் உடையையும் பற்றி நினைக்கும்போதெல்லாம் நான் அந்த ரயில் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன். ஆள் பாதி ஆடை பாதி என்று நம் வீடுகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஆடைப் பாதிக்காக அடியும் வசையும் வாங்கியவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரு தலைமுறை இளைஞர்கள் கிழிந்த சட்டையில் ஊக்கைக் குத்திக்கொண்டு தெருவில் நடந்ததைக் கலகம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதை அணிந்தவர் அதற்காக எதை இழந்தார், அல்லது தான் கொடுக்க வேண்டிய விலையை வேறு யார் தலையில் கட்டினார் என்று கேட்டுப் பார்க்கும்போதுதான் அதில் எது கலகம், எது வெறும் வேடம் என்பது எனக்குத் துலங்குகிறது.

ஜோர்டன் வேலை பார்த்த கடை லண்டன் செல்சியில், கிங்ஸ் ரோடு 430-ஆம் எண்ணில் இருந்தது. பள்ளி ஆசிரியையாக இருந்த விவியன் வெஸ்ட்வுட்டும் ஓவியக் கல்லூரிகளில் படித்துவிட்டு வந்த மால்கம் மெக்லாரனும் 1971-இல் அதைத் தொடங்கினார்கள். முதலில் ஐம்பதுகளில் தோன்றிய டெடி பாய் என்ற இளைஞர் கூட்டத்தின் பாணி உடைகளை விற்றார்கள். பிறகு தோல் ஜாக்கெட்டுகள். 1974-இல் 'செக்ஸ்' என்று பெரிய எழுத்தில் பெயரை மாற்றி, அதுவரை ரகசியமாக விற்கப்பட்டுவந்த ரப்பர் உடைகளை வெளிச்சத்தில் தொங்கவிட்டார்கள். 1976-இன் இறுதியில் 'செடிஷனரீஸ்' ஆனது. இரு கால்களையும் ஒரு பட்டியால் பிணைத்த கால்சட்டை, தையல் வெளியே தெரியும் மஸ்லின் சட்டை, அரசியின் படத்தை அச்சடித்த டி-ஷர்ட் எல்லாம் அங்கேதான் உருவாயின. ஆனால் அந்தக் கடையின் உடைகள் மலிவானவை அல்ல. வேலையற்ற ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளை அவற்றைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவே.

ஆகவே பெரும்பாலானோர் தாங்களே செய்துகொண்டார்கள். அப்பாவின் பழைய கோட்டைக் கிழித்தார்கள், குப்பைப் பையில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு அணிந்தார்கள், கழிப்பறைச் சங்கிலியையும் நாய்ப்பட்டையையும் கழுத்தில் மாட்டினார்கள், ஸ்டென்சில் வைத்து வாசகங்களைச் சாயத்தால் தீட்டினார்கள். லண்டனின் கிளாஷ் இசைக்குழுவினர் தங்கள் சட்டைகளில் பெயின்ட்டைத் தெளித்துக்கொண்டு மேடையேறினார்கள். ஃபின்ஸ்பரி பார்க்கில் அயர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த ஜான் லைடன், பிங்க் ஃபிளாய்டு என்ற பிரபல ராக் குழுவின் பெயரை அச்சிட்ட டி-ஷர்ட்டின் மேல் 'வெறுக்கிறேன்' என்று தன் கையாலேயே எழுதிக்கொண்டு அந்தக் கடைக்குள் வந்தார். 1975 ஆகஸ்டில் கடையின் ஜூக்பாக்ஸ் முன்னால் வாயசைக்கச் சொல்லி அவரைச் சோதித்து, மெக்லாரன் நிர்வகித்த செக்ஸ் பிஸ்டல்ஸ் இசைக்குழுவின் பாடகராகச் சேர்த்துக்கொண்டார்கள். கிழிசலும் ஊக்கும் நிமிர்த்திய முடியும் நியூயார்க்கில் இசைக்கலைஞர் ரிச்சர்ட் ஹெல்லிடம் மெக்லாரன் ஏற்கெனவே பார்த்தவைதான். ஆனால் வாழ்க்கை கிழிந்துகிடந்த ஓர் ஊருக்கு வந்தபோது அவற்றுக்கு வேறு பொருள் கிடைத்தது. பிரிட்டனில் 1975-இல் வேலையற்றோர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அந்த அரசு பன்னாட்டு நிதியத்திடம் 390 கோடி டாலர் கடன் கேட்டு நின்றது. பதினாறு வயதில் பள்ளியை விட்டு வெளியே வந்த பிள்ளைகளுக்கு முன்னால் தொழிற்சாலைக் கதவுகள் சாத்தப்பட்டுக்கொண்டிருந்தன.

இசையும் அதே கதைதான். அன்றைய ராக் இசை, விலையுயர்ந்த கருவிகளும் நீண்ட தனி வாசிப்புகளும் பெரிய அரங்குகளும் உள்ளவர்களுக்கே உரியதாகிவிட்டிருந்தது. 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு 14 பாடல்களை முப்பது நிமிடங்களுக்குள் முடித்து ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. அதைக் கேட்டுக் கொதிப்படைந்த லண்டன் வங்கி எழுத்தர் மார்க் பெர்ரி, தட்டச்சு செய்தும் கையால் எழுதியும் பிரதியெடுத்தும் 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற இதழைக் கொண்டுவந்தார். நம்முடைய சிற்றிதழ் மரபை அறிந்தவர்களுக்கு அந்தப் பக்கங்களின் அவசரமும் அச்சுப்பிழைகளும் தன்முனைப்பும் உடனே பழகியவையாகத் தெரியும். கிதாரில் சேர்த்து வாசிக்கும் மூன்று சுரக்கட்டுகளை (chords) வரைந்து காட்டிவிட்டு, இனி நீயே ஒரு குழுவைத் தொடங்கு என்று 1977-இன் தொடக்கத்தில் இன்னொரு சிற்றிதழ் அச்சிட்டது. மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 500 பவுண்டு கடன் வாங்கி, தன் முதல் இசைத்தட்டைத் தானே பதிவு செய்து, தானே வெளியிட்டு, ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் சரியாக வந்தது என்பதை உறையிலேயே எழுதிவைத்தது. ஓர் இசைத்தட்டு எப்படி உருவாகிறது என்ற ரகசியத்தைக் கேட்பவரின் கையில் கொடுத்துவிட்ட அந்தச் செயல்தான், எத்தனை ஊக்குகளைக் குத்திக்கொண்டாலும் ஈடாகாத அளவுக்கு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்த பஸ்காக்ஸ் இளைஞர்களே 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேடு அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தார்கள். நுழைவுக் கட்டணம் 50 பென்ஸ். வந்தவர்கள் நாற்பது பேர் அளவில்தான் இருப்பார்கள். அவர்களிலிருந்து பிற்காலத்தில் ஜாய் டிவிஷன் உள்ளிட்ட குழுக்கள் எழுந்தன என்பதால் அந்த இரவைப் பற்றிப் புத்தகங்களே எழுதப்பட்டிருக்கின்றன. அதே ஜூன் 4 அன்று லண்டன் சவுத்ஆலில் குர்தீப் சிங் சாகர் என்ற பதினெட்டு வயது மாணவர், வெள்ளையின இளைஞர்கள் சிலரால் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். சவுத்ஆல் இளைஞர் இயக்கம் அந்தக் குருதியிலிருந்து பிறந்தது. இசை வரலாற்று நூல்களில் முதல் நிகழ்ச்சி மட்டும் இருக்கிறது. ஒரே நாட்டில், ஒரே நாளில், ஏறத்தாழ ஒரே வயதுப் பிள்ளைகளுக்கு நடந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் அந்தக் காலத்து இளைஞர்களின் கோபத்தைப் பற்றி எழுதுவது அரைகுறை என்றே கருதுகிறேன்.

அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று நடந்ததைப் பலரும் அறிவார்கள். தேம்ஸ் தொலைக்காட்சியின் மாலை நிகழ்ச்சி ஒன்றில் பில் கிரண்டி என்ற நடுவயது நெறியாளர் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவினரிடம் பேசினார். கெட்ட வார்த்தைகள் பறந்தன. மறுநாள் நாளிதழ்களின் முதல் பக்கமே எரிந்தது. கோபத்தில் ஒரு லாரி ஓட்டுநர் தன் தொலைக்காட்சிப் பெட்டியையே உதைத்து உடைத்தார் என்று செய்தி வந்தது. அந்தப் பதிவை இன்று பார்த்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. பின்னால் நின்றுகொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பாடகி சூசி சூவைப் பார்த்து, நிகழ்ச்சி முடிந்ததும் சந்திப்போமா என்று வழிந்தவர் அந்த நெறியாளர்தான். குழுவின் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஜோன்ஸ் வெடித்தது அதற்குப் பிறகு. பெரியவரின் வழிசலைப் பற்றி அன்று எந்தத் தலைப்புச் செய்தியும் கவலைப்படவில்லை. பிள்ளைகளின் வாய்தான் நாட்டின் பிரச்சினையாயிற்று.

விளைவு உடனே தெரிந்தது. அவர்கள் திட்டமிட்டிருந்த சுற்றுப்பயணத்தின் பெரும்பாலான நிகழ்ச்சிகள் ரத்தாயின. டார்பி நகர மன்ற உறுப்பினர்கள், முதலில் தங்கள் முன்னால் பாடிக் காட்டினால்தான் அனுமதி என்றார்கள். வேல்ஸின் கேர்ஃபில்லியில் அரங்குக்கு வெளியே மக்கள் கூடிக் கிறிஸ்துமஸ் கீதங்களைப் பாடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஈ.எம்.ஐ. நிறுவனம் ஜனவரியில் குழுவைக் கைவிட்டது. மார்ச்சில் ஒப்பந்தம் செய்த அடுத்த நிறுவனம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அரசியின் வெள்ளிவிழாவை ஒட்டி 1977 மே 27 அன்று அரசியை எள்ளும் அவர்களுடைய பாட்டு வெளிவந்தபோது பி.பி.சி. அதைத் தடைசெய்தது, அப்படியும் அது விற்பனையில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது, சில கடைகள் தங்கள் பட்டியலில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டன.

பாட்டைத் தடைசெய்ததோடு நின்றிருந்தால் அதை இளமையின் வீரதீரம் என்று கடந்துவிடலாம். அந்த ஜூன் மாதத்தில் லைடனைச் சிலர் வழிமறித்துக் கத்தியால் வெட்டினார்கள். கையின் தசைநாண்கள் அறுபட்டன. டிரம்மர் பால் குக்கை இரும்புக் கம்பியால் அடித்தார்கள். இசைத்தட்டு உறைகளை வடிவமைத்த ஜேமி ரீடும் தாக்கப்பட்டார். மேடை ஏறாத, பெயர் தெரியாத எத்தனையோ பிள்ளைகள் கிங்ஸ் ரோட்டில் டெடி பாய்களிடம் அந்தக் கோடை முழுவதும் அடி வாங்கினார்கள். ஒரே கடை 1971-இல் ஒரு சாராருக்கு உடை விற்று, 1976-இல் மறுசாராருக்கு உடை விற்றது. விற்றவர்கள் கடைக்குள் இருந்தார்கள், அணிந்தவர்கள் தெருவில் மோதிக்கொண்டார்கள். மெக்லாரனைப் பங்க் இசையின் சிற்பி என்று புகழும் நூல்களை என்னால் முழுமனதோடு ஏற்க முடியாமல் போவது இதனால்தான்.

அவர்கள் அணிந்தவற்றிலேயே மிகப் பெரிய களங்கம் ஸ்வஸ்திகா. வெஸ்ட்வுட்–மெக்லாரன் கடையின் ஒரு சட்டையில் அது அச்சிடப்பட்டிருந்தது. சூசி சூ கைப்பட்டையாக அணிந்தார். போரில் வென்றதைப் பற்றியே ஓயாமல் பேசிய பெற்றோர் தலைமுறையைச் சீண்டுவதற்காகத்தான் என்று விளக்கம் சொல்லப்பட்டது. மெக்லாரனின் தாய்வழிக் குடும்பமே யூதக் குடும்பம் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. 1977 மே மாத லண்டன் மாநகரத் தேர்தலில், குடியேறியவர்களைத் துரத்த வேண்டும் என்று சொன்ன நேஷனல் ஃபிரண்ட் கட்சி சுமார் 1,19,000 வாக்குகளைப் பெற்றது. அந்தச் சின்னத்தைக் கண்டு பேருந்தில் நடுங்கியது அணிந்தவரின் தாய் தந்தையர் அல்லர். வதைமுகாமிலிருந்து தப்பி வந்த ஒரு மூதாட்டியோ, இரவு வேலை முடித்து வீடு திரும்பும் ஒரு பஞ்சாபித் தொழிலாளியோதான். சீண்டியவருக்குக் கிடைத்தது கவனம், நடுங்கியவருக்குக் கிடைத்தது நடுக்கம். அணிந்தவர் தன் உடலைப் பணயம் வைத்த மற்ற உடைகளோடு இதையும் சேர்த்து ஒரே துணிச்சலாக எண்ணுவது அநியாயம். சூசி பின்னாளில், நாஜிகளை எதிர்த்துக் கலை செய்த ஜான் ஹார்ட்ஃபீல்டுக்குக் காணிக்கையாக ஒரு பாட்டு செய்தார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பங்க் இளைஞர்களில் பலர் எந்தப் பக்கம் நிற்பது என்பதை விரைவிலேயே முடிவு செய்தார்கள். 1976 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் மேடையில் ராக் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் குடிபோதையில் குடியேறியவர்களுக்கு எதிராகப் பேசினார். ஜமைக்காவின் கறுப்பினப் பாடகர் பாப் மார்லியின் பாட்டைப் பாடி அவர் வெற்றிபெற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைக் கண்டித்துச் சிலர் இசை இதழ்களுக்கு எழுதிய கடிதத்திலிருந்து 'ராக் அகெயின்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் தோன்றியது. லண்டனின் ராக்ஸி கிளப்பில் இசைத்தட்டு போட்ட டான் லெட்ஸ், பங்க் தட்டுகள் அப்போது கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்கே இருந்ததால், ஜமைக்கா ரெகேயைப் போட்டார். அந்த இருட்டறையில் வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒருவரின் இசையை ஒருவர் கேட்டார்கள். 1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டனின் விக்டோரியா பூங்கா வரை பல்லாயிரக்கணக்கானோர் நடந்துவந்து கிளாஷ், ஸ்டீல் பல்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுக்களைக் கேட்டார்கள்.

எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் பாடகி பாலி ஸ்டைரீனைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவரே அவர்தான். சோமாலியத் தந்தைக்கும் ஸ்காட்டிஷ்–ஐரிஷ் வம்சாவளித் தாய்க்கும் பிறந்து பிரிக்ஸ்டனில் வளர்ந்த மரியான் எலியட், பிளாஸ்டிக் பொருளொன்றின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டார். பற்களில் கம்பி, கண்ணைப் பறிக்கும் மஞ்சளும் ஆரஞ்சும், தாத்தா காலத்து உள்சட்டை, ராணுவத் தலைக்கவசம். கிங்ஸ் ரோட்டுக் கடையின் கறுப்புத் தோலும் ரப்பரும் பெண்ணுடலை மறைமுகமாக ஆண்களின் பார்வைக்கே தந்துகொண்டிருந்தபோது, இவர் உடுத்தியது யாருடைய பார்வைக்கும் இடம் தராத உடை. 1977-இல் வந்த அவருடைய முதல் பாட்டு, சிறுமிகள் வாய் திறவாமல் இருக்க வேண்டும் என்ற பழைய வாக்கைச் சாந்தமாகச் சொல்லித் தொடங்கி, அடுத்த நொடி அடிவயிற்றிலிருந்து எழும் அலறலாக மாறும். பதினாறு வயதுப் பெண் லோரா லாஜிக்கின் சாக்ஸபோன் அதன் மேல் ஏறிக் கத்தும். எத்தனையோ முறை கேட்டும் அந்த முதல் அலறலில் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. தன்னைக் கவர்ச்சிப் பொருளாக்க முயன்றால் மொட்டையடித்துக்கொள்வேன் என்று சொன்னவர், பின்னர் உண்மையிலேயே அடித்துக்கொண்டார். ஆண்களின் கிழிசலுக்கு வசை கிடைத்தது என்றால் பெண்களின் கிழிசலுக்கு அதைவிடக் கொடியது கிடைத்தது: ஸ்லிட்ஸ் என்ற பெண்கள் குழுவைப் பதினான்கு வயதில் தொடங்கிய ஆரி அப் என்ற பாடகியை, அவருடைய தோற்றத்தைப் பொறுக்காத ஒருவன் தெருவில் கத்தியால் குத்தினான்.

தோலின் நிறத்தைக் கழற்றி மாட்ட முடியாதவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். வேறு பண்பாட்டைக் கொண்ட குடியேறியவர்களால் நாடு மூழ்கடிக்கப்படுமோ என்று மக்கள் அஞ்சுவதாக மார்கரெட் தாட்சர் 1978 ஜனவரியில் தொலைக்காட்சியில் சொன்னார். அயல்பண்பாடு என்ற அந்தப் பழியையே பெயராக்கிக்கொண்டு 1979-இல் தெற்கு லண்டனில் 'ஏலியன் கல்ச்சர்' என்ற குழு எழுந்தது. பாகிஸ்தானியப் பெற்றோரின் பிள்ளைகள் மூவரும் வெள்ளை நண்பர் ஒருவரும் சேர்ந்த அந்தக் குழு, பெற்றோர் பேசிவைக்கும் திருமணத்தையும் தெருவில் துரத்தும் நேஷனல் ஃபிரண்டையும் ஒரே மேடையில் பாடியது. வெள்ளைப் பிள்ளைக்கு வீட்டைவிட்டு வெளியே வந்தால் சுதந்திரம். இவர்களுக்கு வீட்டுக்குள் ஒரு சண்டை, வெளியே இன்னொரு சண்டை. ஒரே ஒரு இசைத்தட்டோடு மறைந்துபோன அந்தக் குழுவைப் பற்றி இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டும் என்று விரும்புகிறேன்.

இங்கே நம்மவர் ஒருவரும் வருகிறார். 1975-இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் மீண்டும் லண்டனுக்கு அகதியாக வந்த மாதங்கி அருள்பிரகாசம், செக்ஸ் பிஸ்டல்ஸ் முதன்முதலில் பாடிய செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியின் வாரிசான சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் படித்தார். ஸ்டென்சிலும் ஸ்பிரே பெயின்ட்டும் கொண்டு படங்கள் செய்தார், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடத் தொடங்கினார். அமெரிக்க விசா மறுக்கப்பட்ட அனுபவத்திலிருந்து பிறந்த 2007-ஆம் ஆண்டின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடுவது, குடியேறியவர்களின் துயரத்தைப் பற்றிக் கிளாஷ் 1982-இல் செய்த ஒரு பாட்டின் கிதார் ஒலி. ஓர் அகதிப் பெண் அந்த ஒலியை எடுத்துக்கொண்டபோது அது உரிய இடத்துக்கு வந்து சேர்ந்தது என்றே எனக்குத் தோன்றியது.

உடைக்கு என்ன ஆயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1977-இலேயே ஆடை வடிவமைப்பாளர் ஜாண்ட்ரா ரோட்ஸ் கற்கள் பதித்த ஊக்குகளோடு உயர்குடிப் பெண்களுக்கு உடை தைத்துவிட்டார். 1994-இல் வெர்சாச்சி ஆடை நிறுவனத்தின் தங்க ஊக்கு உடை உலகப் புகழ் பெற்றது. 2013-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பங்க் உடைகளுக்குக் கண்காட்சி நடத்தியது. இவற்றை அணிந்து யாரும் அடி வாங்கவில்லை. 2016 நவம்பர் 26 அன்று வெஸ்ட்வுட்–மெக்லாரனின் மகன் ஜோ கோரே, பங்க் நாற்பதாண்டு விழாக்களைக் கண்டித்து, 50 லட்சம் பவுண்டு மதிப்புள்ளவை என்று தான் சொன்ன பழைய உடைகளையும் பொருட்களையும் தேம்ஸ் நதியில் ஒரு படகில் வைத்து எரித்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஜோர்டனைப் போன்றவர்கள் உடல்மேல் சுமந்து நடந்த வரலாறும் அதில் சேர்ந்து எரிந்தது.

ஊக்கின் விலை இன்றும் முழுமையாக வசூலிக்கப்படும் இடங்கள் உண்டு. 2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே நகரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு நிதி திரட்ட நடந்த பங்க் நிகழ்ச்சிக்குள் போலீஸார் புகுந்து அறுபதுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பிடித்தார்கள். ஆண்களின் தலையை மழித்தார்கள், பெண்களின் கூந்தலைக் கத்தரித்தார்கள், நீரில் இறக்கிக் குளிக்கவைத்தார்கள், சங்கிலிகளையும் உடைகளையும் பறித்து, பத்து நாள் போலீஸ் பள்ளியில் அடைத்து 'நல்வழிப்படுத்தினார்கள்'. குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை. வெளியே வந்தவர்களில் பலர் முடி வளர்ந்ததும் மறுபடியும் அதே கோலத்துக்குத் திரும்பினார்கள்.

அதே நாட்டின் மத்திய ஜாவாவில், புர்பலிங்காவைச் சேர்ந்த சுகதானி என்ற இருவர் குழு, முகமூடி அணிந்து பாடியது. நிகழ்ச்சிகளில் பார்வையாளர்களுக்குக் காய்கறிகளை அள்ளிக் கொடுத்தது. ஓட்டுநர் உரிமத்துக்குப் பணம், அபராதத்துக்குப் பணம், எதற்கும் போலீஸுக்குப் பணம் என்று பாடிய அவர்களுடைய ஒரு பாட்டு பரவியது. 2025 பிப்ரவரியில் அந்த இருவரும் முகமூடியைக் கழற்றி, தேசியப் போலீஸ் தலைவரிடம் மன்னிப்புக் கேட்டு, பாட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்கும் காணொளி வெளியானது. பாடகி தான் கற்பித்துவந்த தொடக்கப் பள்ளியில் வேலையை இழந்தார். ஊரே கொதித்தது. தெருவில் இறங்கிய மாணவர்கள் அந்தப் பாட்டையே பாடினார்கள். அதன் பிறகு போலீஸ் தலைவர், விமர்சனத்தை வரவேற்கிறோம் என்று சொல்லி, அந்தக் குழுவினரைப் போலீஸ் துறையின் தூதுவர்களாக்கத் தயார் என்று அறிவித்தார். மாதக் கணக்காகத் தங்களுக்கு நெருக்கடி தரப்பட்டதைச் சில நாட்களில் வெளிப்படையாக எழுதிய சுகதானி, அந்தப் பதவி தங்களுக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டது.